தகிட தக த தக: ஹாட் ராடுக்கு ஒரு 383

செவர்லே ஸ்மால் பிளாக் வி8 ஒன்று ஐடிலிங்கில் நிற்கிறது. இரண்டு பக்கப் புகைக்குழாய்களும் எங்கும் கலக்காமல் தனித்தனியே பின்னால் வருகின்றன. இடப்பக்கக் குழாயை மட்டும் கவனித்துக் கேட்டால் எட்டு எண்ணிக்கைக்குள் நான்கு அடி விழும்: தகிட தக த தக. வலப்பக்கக் குழாயில் த தக தகிட தக. இரண்டையும் சேர்த்தால் எட்டு எண்ணிக்கையிலும் அடி நிரம்பிவிடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு முழுச் சுழற்சிக்கு, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும், அதாவது 720 பாகை. எட்டு சிலிண்டருக்குப் பிரித்தால் 90 பாகைக்கு ஒரு வெடி. அந்த 90 பாகையை ஓர் அட்சரம் என்று வைத்துக்கொண்டால் சுழற்சி முழுவதும் எட்டு அட்சரம், ஆதி தாளத்தின் அளவு. ஸ்மால் பிளாக்கின் ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் ஒற்றைப்படை எண் சிலிண்டர்கள் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். ஆகவே இடப்பக்க வெடிகள் 1, 4, 6, 7 ஆம் அட்சரங்களில் விழுகின்றன. ஓரிடத்தில் 270 பாகை மௌனம். இன்னோரிடத்தில் 90 பாகைக்குள் அடுத்த வெடி. ஃபெராரி வி8 எஞ்சின்களில் இருக்கும் தட்டைக் கிராங்கில் வெடி பக்கம் மாறி மாறி விழுவதால் ஒவ்வொரு குழாயிலும் தக தக தக தக என்ற ஒரே சீர்தான் வரும். அது கீச்சென்று ஏறும். அமெரிக்க வி8 உறுமுவதற்குக் காரணம் இந்தச் சீர் பிசகிய தாளம்.

தாளம் கிராங்க்கிலேயே பிறந்துவிடுவதால் எந்த சைலன்சரும் அதை உண்டாக்க முடியாது. எஞ்சின் கட்டுபவர் கையில் இருப்பவை மூன்று: ஒவ்வொரு அடியும் எவ்வளவு கனமாக விழுகிறது, ஐடிலிங்கில் அது எவ்வளவு தள்ளாடுகிறது, இரண்டு பக்கமும் எங்கே சந்திக்கின்றன. முதலாவது எஞ்சின் அளவையும் கம்ப்ரெஷனையும் (கலவை எத்தனை மடங்கு நசுக்கப்படுகிறது என்பதை) பொறுத்தது, இரண்டாவது வால்வுகளைத் திறந்து மூடும் கேமை, மூன்றாவது குழாய் வேலையை. இந்த மூன்றேதான் குதிரைத்திறனையும் தீர்மானிக்கின்றன. அதனால்தான் ஓசைக்கு ஒரு கணக்கு, பலத்துக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வேலை செய்தால் இரண்டுமே கெடும். கேமை மட்டும் மாற்றிவிட்டு, நின்ற இடத்தில் அட்டகாசமாகக் குமுறி, பச்சை விளக்கு விழுந்ததும் இருமிக்கொண்டு கிளம்பும் வண்டிகள் ஏராளம்.

ஹாட் ராடு என்ற பழக்கம் தெற்குக் கலிஃபோர்னியாவில், மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் வளர்ந்தது. பழைய ஃபோர்டுகளின் மட்கார்டையும் பானட்டையும் கழற்றி எடை குறைத்து ஓட்டினார்கள். 1932 இல் ஃபோர்டு கொடுத்த ஃபிளாட்ஹெட் வி8 எஞ்சின் 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். அதுதான் அந்தக் காலத்தின் மூலதனம். 1955 இல் செவர்லே 265 கன அங்குல ஸ்மால் பிளாக்கை வெளியிட்டது. சாதாரண வடிவிலேயே 162 குதிரைத்திறன், வால்வுகள் மேலே, எஞ்சின் நீளமோ குறைவு. சில ஆண்டுகளில் ஃபோர்டு வண்டிகளின் மூக்குக்குள்ளேயே செவர்லே எஞ்சின் குடியேறிவிட்டது. 1967 இல் வந்த 350 கன அங்குல வடிவம்தான் இன்றும் குப்பைக் கிடங்குகளில் எளிதில் கிடைப்பது. அதன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 4.00 அங்குலம்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 3.48.

இங்கே கட்டப்போவது அந்த 350 பிளாக்கிலிருந்து ஒரு 383 கன அங்குல எஞ்சின். சுமார் 1,100 கிலோ எடையுள்ள 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர், ஓவர்டிரைவ் உள்ள 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 3.50 பின் அச்சு, 29 அங்குல டயர் என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 5,600 ஆர்பிஎம் அருகே 430 குதிரைத்திறன். பெட்ரோல் கலிஃபோர்னியா பம்பில் கிடைக்கும் 91 ஆக்டேன். நம் ஊர் 91 என்று எண்ணிவிட வேண்டாம்: அமெரிக்கப் பம்பில் எழுதுவது இரண்டு அளவீடுகளின் சராசரி, இந்தியாவில் எழுதுவது ரிசர்ச் ஆக்டேன் மட்டும். அவர்களுடைய 91 ஏறத்தாழ நம்முடைய பிரீமியம் 95க்குச் சமம்.

பிளாக்கும் கிராங்க்கும்

1996 முதல் செவர்லே பிக்கப்பிலும் சபர்பனிலும் வந்த 350 வோர்டெக் பிளாக்கைத் தேடுவது நல்லது. வார்ப்பு எண் 10243880. பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பின் மேல் இருக்கும். கடைசி மூன்று எண்ணைச் சொல்லி 880 என்றே கேட்பார்கள். இதில், கேமின் மேல் உருண்டு வால்வை உயர்த்தும் ரோலர் லிஃப்டருக்கான இடம் தொழிற்சாலையிலேயே இருக்கிறது, ரியர் சீல் ஒரே துண்டு, எண்ணெய் கசிவு குறைவு. வார்ப்பு எண் 010 என்று முடியும் பழைய பிளாக்கும் நல்லதுதான், ஆனால் அதில் ரோலர் கேம் போட விலை கூடிய இணைப்பு லிஃப்டர்கள் வாங்க வேண்டும். 1996க்குப் பிந்திய பல பிளாக்குகளில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்புக்கு இடம் குடையப்பட்டிருக்காது. வாங்குமுன் வலப்பக்க முன்புறத்தைப் பாருங்கள். இல்லையென்றால் எலெக்ட்ரிக் பம்ப்தான்.

பட்டறையில் முதலில் மேக்னாஃப்ளக்ஸ் விரிசல் சோதனை, அடுத்து சிலிண்டர் சுவரின் தடிமன் சோதனை, அதன்பிறகே காசு செலவழிக்க வேண்டும். 30 தௌ ரீபோர். லேத் பட்டறைக்காரர்கள் சொல்லும் அதே தௌதான், ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம். போர் 4.030 ஆகும். 60 தௌ வரை போகலாம் என்பார்கள். சுவர் மெலிந்து சூடேறும் எஞ்சினை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? ஹோனிங் செய்யும்போது டார்க் பிளேட் பொருத்தச் சொல்லிக் கேளுங்கள். ஹெட் போல்டுகளை இறுக்கும்போது சிலிண்டர் வட்டம் மாறும். அந்த இறுக்கத்திலேயே ஹோன் செய்தால்தான் ரிங் முழு வட்டமும் உட்காரும்.

3.75 அங்குல ஸ்ட்ரோக் உள்ள கிராங்க் இதில் விழுகிறது. கணக்கு: 4.030 அங்குல வட்டத்தின் பரப்பு 12.756 சதுர அங்குலம், 3.75 ஆல் பெருக்கினால் 47.83; எட்டு சிலிண்டருக்கு 382.7 கன அங்குலம். ஆதியில் 400 கன அங்குல எஞ்சினின் கிராங்க்கை எடுத்து, பிளாக்கில் அமரும் கழுத்தான மெயின் ஜர்னலை 2.65 இலிருந்து 2.45 அங்குலத்துக்குக் கடைந்து 350 பிளாக்கில் போட்டார்கள். இப்போது அந்த அளவிலேயே புதிதாகக் கிடைக்கிறது. 430 குதிரைக்கு வார்ப்பிரும்புக் கிராங்க் தாங்கும், ஆனால் விலை வித்தியாசத்தைப் பார்த்தால் ஃபோர்ஜ் செய்ததையே வாங்கிவிடலாம். கனெக்டிங் ராடு 5.7 அங்குலம் போதும். 6 அங்குல ராடு போட்டால் பிஸ்டன் குட்டையாகி, அதை ராடோடு இணைக்கும் ‘பின்’ என்ற குறுக்கு ஊசி ஆயில் ரிங் பள்ளத்துக்குள் ஏறிவிடும். சாலை வண்டிக்கு அதில் ஆதாயம் இல்லை.

ஸ்ட்ரோக் நீண்டதால் ராடு போல்டுகள் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று சிலிண்டரின் கீழ் விளிம்பும் ஆயில் பான் விளிம்பும். கைக் கிரைண்டரால் தேய்த்து எங்கும் குறைந்தது 60 தௌ இடைவெளி வரச் செய்ய வேண்டும். தண்ணீர் அறை மிக அருகில் இருப்பதால் கொஞ்சம் தேய்த்து, சுழற்றிப் பார்த்து, மறுபடி தேய்ப்பதே வழி. இன்னொன்று கேம் லோப், அதாவது வால்வைத் தூக்கும் கேமின் புடைப்பு. டைமிங் செயின் பூட்டிய நிலையில் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுழற்றி எட்டு ராடுகளையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கேம் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஒரு சுற்றில் தப்பியது மறு சுற்றில் இடிக்கும். இந்த வேலையெல்லாம் பிளாக்கைக் கழுவுவதற்கு முன்னால்.

383 கட்டுபவர்கள் அதிகம் சறுக்குவது பேலன்ஸில். 400 வகைக் கிராங்க்குகள் வெளியிலிருந்து சமன் செய்யப்பட்டவை. முன்னால் அதிர்வு தணிக்கும் சக்கரமான டேம்பரிலும் பின்னால் கியர்பாக்ஸ் பக்கத் தட்டான ஃபிளெக்ஸ் பிளேட்டிலும் எடை இருக்கும். சாதாரண 350க்கு டேம்பர் நடுநிலை. ஒரு துண்டு ரியர் சீல் கிராங்க்கிலோ, உள்ளே சமன் செய்தது என்று எழுதியிருந்தாலும் ஃபிளெக்ஸ் பிளேட்டில் ஓர் எதிர் எடை உண்டு, ஏனென்றால் அந்த வட்ட விளிம்பில் எடை வைக்க இடமில்லை. இந்த மூன்றையும் குழப்பினால் 2,500 ஆர்பிஎம்முக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும், சில ஆயிரம் மைல்களில் மெயின் பேரிங் போய்விடும். டேம்பர், ஃபிளெக்ஸ் பிளேட், பிஸ்டன், ராடு, ரிங், பேரிங் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு பேலன்ஸ் செய்யும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பிஸ்டன் உச்சியில் இருக்கும் 44 தௌ

ஓசையின் கனம் இங்கே இருக்கிறது. நல்ல கம்ப்ரெஷனில் முழுதாக எரிந்த வெடி ஒன்றுக்கும் மந்தமாக எரிந்ததற்கும் உள்ள வித்தியாசம் சைலன்சர் முனையில் தெளிவாகக் கேட்கும். நாக்கிங் பயத்தில் டைமிங்கைப் பின்னால் தள்ளிய எஞ்சின் தட்டையாகத்தான் ஒலிக்கும்.

ஸ்மால் பிளாக்கின் டெக் உயரம், அதாவது கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்மட்டம் வரை, 9.025 அங்குலம். அதில் பாதி ஸ்ட்ரோக் 1.875, ராடு 5.7, பிஸ்டனின் ‘பின்’ ஊசியிலிருந்து உச்சி வரை 1.425. மூன்றையும் கழித்தால் 0.025, அதாவது பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போதும் பிளாக் மட்டத்துக்கு 25 தௌ கீழே இருக்கிறது. இதோடு 39 தௌ கேஸ்கெட்டைச் சேர்த்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் இடைவெளி 64 தௌ.

இந்த இடைவெளிக்குக் குவென்ச் என்று பெயர். பிஸ்டன் மேலே வரும்போது தட்டைப் பகுதிக்கடியில் இருக்கும் கலவை நசுங்கிப் பிளக் இருக்கும் பக்கம் பீய்ச்சி அடிக்கிறது. கலவை கலங்குவதால் நெருப்பு வேகமாகப் பரவுகிறது, மூலையில் சூடேறித் தானாக வெடிக்கக் கலவை மிஞ்சுவதில்லை. இந்த வேலை நடக்க 35 முதல் 45 தௌ வேண்டும். 60 தௌக்கு மேல் போனால் கலவை நசுங்காமல் அங்கேயே தேங்கிவிடுகிறது.

இப்போது எண்களைப் பாருங்கள். ஹெட்டில் கலவை எரியும் குழியான சேம்பர் 64 சிசி, கேஸ்கெட் 4.100 போர், 8.4 சிசி, பிஸ்டனில் குழிவு 12 சிசி. பிளாக்கை மட்டம் தட்டாமல் விட்டால் மேலே 5.2 சிசி சேர்ந்து மொத்தம் 89.6. சிலிண்டர் கொள்ளளவு 783.9 சிசி. கம்ப்ரெஷன் 9.7. பிளாக் மட்டத்தை 20 தௌ சீவினால் அந்த 5.2 சிசி 1 சிசியாகக் குறைந்து கம்ப்ரெஷன் 10.2, குவென்ச் 44 தௌ. கம்ப்ரெஷன் ஏறியிருக்கிறது, ஆனாலும் அலுமினிய ஹெட்டோடு இந்த 10.2 எஞ்சின்தான் 91 ஆக்டேனில் நாக்கிங் இல்லாமல் ஓடும், அந்த 9.7 கோடை வெயிலில் மேடேறும்போது கடகடக்கும். எண்ணைக் குறைத்தால் பாதுகாப்பு என்று நினைத்துத் தடித்த கேஸ்கெட் போடுபவர்கள் நோயை வளர்க்கிறார்கள். குழிவே இல்லாத, வால்வு வெட்டு மட்டும் உள்ள 5 சிசி பிஸ்டன் போட்டால் 11ஐத் தொட்டுவிடும். பம்ப் பெட்ரோலுக்கு அது அதிகம்.

பிளாக் சீவும் பட்டறையிடம் 20 தௌ எடுங்கள் என்று மட்டும் சொல்லக் கூடாது. பழைய பிளாக்குகளில் நான்கு மூலையும் ஒரே உயரம் இருப்பதில்லை. ஒரு பிஸ்டனை நான்கு மூலைச் சிலிண்டரிலும் போட்டு டயல் கேஜால் அளந்து, 9.005 வரட்டும் என்று முடிவு அளவைச் சொல்ல வேண்டும்.

ஹெட்டும் கேமும்

காற்று எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவுதான் பலம், அதனால் பெரிய தொகை ஹெட்டுக்குப் போகட்டும். இன்டேக் வழி 195 சிசி, வால்வுகள் 2.02, 1.60 அங்குலம் உள்ள அலுமினிய ஹெட் 383க்குப் பொருந்தும். 220 சிசி ஹெட்டைக் காட்டி ஆசை காட்டுவார்கள். 6,500க்கு மேல் சுழலாத எஞ்சினில் காற்றின் வேகம் குறைந்து கீழ் இழுவை போய்விடும். கையில் காசு குறைவென்றால் வார்ப்பு எண் 906 அல்லது 062 என்று முடியும் வோர்டெக் இரும்பு ஹெட்டே அருமையானது, சேம்பரும் 64 சிசிதான். ஆனால் தொழிற்சாலை வால்வு கைடின் உயரத்தால் 470 தௌ லிஃப்டுக்கு மேல் ரிடெய்னர் சீலில் இடிக்கும். கைடைக் கடைந்தாக வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டும் அந்த ஹெட்டின் எட்டு போல்டு அமைப்புக்கென்றே உள்ளதாக இருக்க வேண்டும். இரும்பாக இருப்பதால் கம்ப்ரெஷனையும் 9.5 அருகே நிறுத்துவது நல்லது.

கேம் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஹாட் ராடு என்றாலே பலருக்கு நினைவு வரும் அந்தத் தள்ளாடும் ஐடிலிங் இங்கிருந்துதான் வருகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடுமுன்பே இன்டேக் வால்வு திறந்துவிடும் நேரத்துக்கு ஓவர்லாப் என்று பெயர். ஐடிலிங்கில் மேனிஃபோல்டில் வேக்யூம் அதிகம். அந்தச் சில பாகைகளில் எரிந்த புகை பின்னோக்கி இன்டேக்குக்குள் உறிஞ்சப்படுகிறது. அடுத்த வெடியில் கலவை மாசுபட்டு மெலிதாக எரிகிறது. அதற்கடுத்ததில் நன்றாகப் பிடிக்கிறது. தகிட தக த தக என்ற தாளத்தில் சில அடிகள் தேய்ந்தும் சில ஓங்கியும் விழுவதைத்தான் நாம் ரசிக்கிறோம். உண்மையில் அது எஞ்சின் பாதி மூச்சுத் திணறும் சத்தம். அதே ஓவர்லாப் 3,500 ஆர்பிஎம்முக்கு மேல் வேறு வேலை செய்கிறது: எஞ்சினிலிருந்து புகையை ஏற்கும் ஹெடர் குழாயில் திரும்பி வரும் குறையழுத்த அலை, திறந்திருக்கும் இரு வால்வுகள் வழியே புதுக் காற்றைச் சிலிண்டருக்குள் இழுக்கிறது. கீழே திணறும் அளவுக்கு மேலே மூச்சு கிடைக்கிறது. எவ்வளவு திணறலாம் என்பதுதான் கேள்வி.

ஓவர்லாப்பைக் கணக்கிட இன்டேக், எக்ஸாஸ்ட் டியூரேஷன்களின் (வால்வு திறந்திருக்கும் பாகைகளின்) சராசரியிலிருந்து லோப் இடைக்கோணத்தின், அதாவது இரு லோப்களின் உச்சிகளுக்கு இடைப்பட்ட கோணத்தின், இரு மடங்கைக் கழிக்க வேண்டும். இந்த எஞ்சினுக்குப் பொருந்தும் ஹைட்ராலிக் ரோலர் கேம் ஒன்று: விளம்பர டியூரேஷன் 276/282, 50 தௌ லிஃப்டில் 224/230, லிஃப்ட் 500 தௌக்குச் சற்று மேல், இடைக்கோணம் 110. ஓவர்லாப் 279 கழித்தல் 220, அதாவது 59 பாகை. இதே லோப்களை 114 பாகையில் அரைத்தால் 51. ஐடிலிங் சீராகிவிடும், சாதாரண வேன் போல நிற்கும். 107 பாகையில் 65. ஓசை வெறியாக இருக்கும், பிரேக் பூஸ்டருக்கு வேக்யூம் போதாது. ஓசைக்கென்றே குறுகிய இடைக்கோணத்தில் அரைத்த கேம்கள் விற்கின்றன. 383க்கு 110 போதும். எஞ்சின் பெரிதாக இருப்பதால் இந்தக் கேமை அடக்கி ஓட்டும், ஆனால் நின்றால் கேட்பவருக்குத் தெரியும். இதையே 8.5 கம்ப்ரெஷன் உள்ள எழுபதுகளின் 350 எஞ்சினில் போட்டால் இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் கீழே அழுத்தமே சேராது. தொடக்கத்தில் சொன்ன இருமல் வண்டி அப்படித்தான் பிறக்கிறது.

கேமோடு சேர்ந்தே மாற வேண்டியவை உண்டு. டார்க் கன்வர்ட்டர் 2,400 முதல் 2,800 ஸ்டால் (அது இறுகப் பிடிக்கத் தொடங்கும் ஆர்பிஎம்). தொழிற்சாலைக் கன்வர்ட்டரோடு டிரைவில் போட்டால் எஞ்சின் நின்றுவிடும். வால்வ் ஸ்பிரிங் மூடிய நிலையில் 130 முதல் 140 பவுண்டு, திறந்த நிலையில் சுமார் 340. ஸ்டீல் ரோலர் கேமுக்குப் பொருந்தும் டிஸ்ட்ரிபியூட்டர் கியர். சாதாரண வார்ப்பிரும்புக் கியர் சில நூறு மைல்களில் அரைபட்டு, அந்தத் தூள் எண்ணெயில் கலந்து பேரிங்குக்குப் போகும். கேமை டிகிரி வீல் வைத்து, இன்டேக் மையம் 106 பாகையில் விழுகிறதா என்று பார்த்தே பூட்டுங்கள். செயினில் உள்ள புள்ளிக் குறிகள் இரண்டு மூன்று பாகை தவறியிருப்பது அரிதல்ல. களிமண்ணை பிஸ்டன் மேல் ஒட்டி ஒரு முறை சுழற்றிப் பார்த்தால் வால்வு இடைவெளி தெரியும்: இன்டேக்குக்கு 80 தௌ, எக்ஸாஸ்டுக்கு 100 தௌ குறைந்தபட்சம். பிளாக்கைச் சீவியிருப்பதால் புஷ்ராடு நீளமும் மாறியிருக்கும். நீளம் மாற்றக்கூடிய சோதனைப் புஷ்ராடு ஒன்று வாங்கி அளந்த பிறகே ஆர்டர் கொடுங்கள்.

செயினுக்குப் பதில் கியர் டிரைவ் போட்டு சூப்பர்சார்ஜர் போல ஊளையிட வைப்பது ஒரு பழக்கம். கிராங்க்கின் அதிர்வை நேராக வால்வுகளுக்குக் கடத்தும் அந்த ஏற்பாடு இந்த எஞ்சினுக்கு வேண்டாம். டபுள் ரோலர் செயின் போதும்.

பூட்டும்போது

பேரிங் இடைவெளிக்கு ஜர்னல் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஒரு தௌ என்பது பழைய விதி, மெயினுக்கு 2.5, ராடுக்கு 2 முதல் 2.5 தௌ. மேல் ரிங் இடைவெளி போர் அங்குலத்துக்கு 4.5 தௌ வீதம் 18 தௌ, இரண்டாவது 20 முதல் 22. இறுக்கமாக விட்டால் சூட்டில் முனைகள் முட்டி பிஸ்டனின் மேற்பகுதியையே பெயர்த்துவிடும்; கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நஷ்டம் எதுவும் தெரியாது.

ஸ்மால் பிளாக்கில் ஹெட் போல்டு ஓட்டைகள் தண்ணீர் அறைக்குள் திறக்கின்றன. மரையில் சீலர் பூசாமல் பூட்டினால் தண்ணீர் மரை வழியே மேலேறி எண்ணெயில் கலக்கும். 25, 45, 65 அடி-பவுண்டு என்று மூன்று படியாக, நடுவிலிருந்து வெளியே. பின் மெயின் கேப்புக்கு அடியில் ஓர் எண்ணெய்த் துளை அடைப்பு இருக்கிறது. பிளாக்கைக் கழுவும்போது கழற்றியதைத் திரும்பப் போட மறந்தால் எண்ணெய் ஃபில்டரைத் தாண்டிப் போய்விடும், மானியில் எதுவும் வித்தியாசமாகத் தெரியாது. முன்னால் கேம் கியருக்குப் பின்னால் இருக்கும் மூன்று அடைப்புகளையும் எண்ணிப் பாருங்கள். ஆயில் பம்ப் சாதாரண அளவுடையது போதும், அதன் டிரைவ் ஷாஃப்டில் மட்டும் பிளாஸ்டிக் வளையத்துக்குப் பதில் ஸ்டீல் வளையம். எண்ணெயை உறிஞ்சும் பிக்கப், பான் தரையிலிருந்து கால் அங்குலம் முதல் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு வரை.

1932 ஃபோர்டின் மூக்கில் இடம் குறைவு. 1968 வரையிலான குட்டை வாட்டர் பம்ப் போட்டால் நீளமானதைவிட ஒன்றேகால் அங்குலம் மிச்சமாகும்; ரேடியேட்டர் ஃபேனுக்கு அது பெரிய இடம். புல்லிகளும் அதற்கேற்ற வரிசையில் இருக்க வேண்டும்.

குழாய் வேலை

ஒரு பக்கத்து நான்கு வெடிகளும் தனித்தனிக் குழாயில் ஓடி ஒரு கலெக்டரில் சேர்வதுதான் ஹெடர். 430 குதிரைக்கு 1⅝ அங்குலக் குழாய், 3 அங்குலக் கலெக்டர். ஒன்றேமுக்கால் போட்டால் உச்சியில் சில குதிரை கூடலாம், 3,000க்குக் கீழே இழுவை குறையும்; எடை குறைந்த வண்டிக்கு இரண்டும் பழுதில்லை. ஸ்டியரிங் பாக்ஸ் இடிக்கிறது என்று பிளாக்கை ஒட்டிய குட்டை ஹெடர் போடுவது வழக்கம். பொருந்துமென்றால் நீளக் குழாய்தான் சரி, ஏனென்றால் கேமுக்குத் தேவையான அந்தக் குறையழுத்த அலை நீளத்தில்தான் பிறக்கிறது. ஏரிப்படுகைக் காலத்துப் பாணியில் பக்கவாட்டில் நீண்டு மூடியோடு முடியும் லேக் பைப் அழகுக்கும் ஓசைக்கும் சேரும், மூடியைத் திறந்தால் முழுக் குரல். ஊருக்குள் மூடியே இருக்கட்டும்; கலிஃபோர்னியாவில் கார்களுக்கு 95 டெசிபல் வரம்பு சட்டத்திலேயே இருக்கிறது.

கலெக்டரிலிருந்து இரண்டரை அங்குலக் குழாய் இரண்டு. அவற்றை எங்கேயாவது இணைக்க வேண்டுமா? இணைக்காவிட்டால் தகிடவும் தகவும் தனித்தனியே கேட்கும், பழைய வெட்டு வெட்டான ஓசை. எச் வடிவில் ஒரு குறுக்குக் குழாய் போட்டால் அழுத்தம் மட்டும் பகிரப்படும், தாளம் பெரும்பாலும் பிழைத்திருக்கும், உறுமல் ஆழமாகும். எக்ஸ் வடிவில் இரண்டையும் ஒன்றாக்கினால் எட்டு அட்சரமும் இரண்டு குழாயிலும் கலந்துவிடும். ஓசை மேலேறி ஐரோப்பிய வண்டி போலச் சீராகும். பலத்தில் இரண்டுக்கும் சாலையில் உணரக்கூடிய வித்தியாசம் இல்லை. ஹாட் ராடுக்கு எச் தான் என்பது இங்கே தீர்மானமாகச் சொல்லக்கூடியது. எங்கே வெட்டுவது என்று அறிய, கலெக்டருக்குப் பின்னால் குழாய் மேல் சாதாரண பெயிண்ட் அடித்து, வண்டியை ஒரு முறை முழு வேகத்துக்கு இழுத்துவிட்டுப் பார்ப்பார்கள். பெயிண்ட் அதிகம் கருகி நிற்கும் இடத்தில் குறுக்குக் குழாய்.

சைலன்சரில் கண்ணாடி இழை அடைத்த கிளாஸ்பேக் நேர்வழிக் குழாய். கூர்மையான, சற்றே வெடிப்பான ஓசை. இழை நாளடைவில் கருகிக் கொட்டிவிடும், அப்போது கரகரக்கும். உள்ளே அறைகள் உள்ள வகை ஆழமாக அதிரும், ஆனால் காரின் தரையைத் தட்டும் இரைச்சலும் அதில்தான் அதிகம்.

அந்த இரைச்சலுக்கும் கணக்கு உண்டு. 60 மைல் வேகத்தில் இந்த வண்டியின் 3.50 அச்சும் 0.70 ஓவர்டிரைவும் 29 அங்குல டயரும் எஞ்சினை 1,700 ஆர்பிஎம்மில் வைக்கும். சுற்றுக்கு நான்கு வெடி, விநாடிக்கு 113. அந்த 113 ஹெர்ட்ஸ்தான் நெடுஞ்சாலையில் தலைவலி தருவது. ஒவ்வொரு குழாயிலும் பக்கவாட்டில் முனை மூடிய கிளைக்குழாய் ஒன்றைப் பற்றவைத்தால் அந்த அலை உள்ளே போய்த் திரும்பி வந்து தன்னையே அழித்துக்கொள்ளும். நீளம் அலையின் கால் பங்கு. கிளைக்குள் புகை சுமார் 125 பாகை சூட்டில் இருந்தால் ஒலி விநாடிக்கு 400 மீட்டர் போகும். 400ஐ 113 ஆல் வகுத்து நான்கில் ஒன்று எடுத்தால் 88 சென்டிமீட்டர். கொஞ்சம் நீளமாகவே பற்றவைத்து, ஓட்டிப் பார்த்து வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஐடிலிங் ஓசையை இது தொடாது.

வால் குழாய் கண்டிப்பாக உடலைத் தாண்டி வெளியே முடிய வேண்டும். திறந்த காரில் கார்பன் மோனாக்சைடு பின்னாலிருந்து சுழன்று உள்ளே வரும்.

பற்றவைத்தலும் கார்புரேட்டரும்

கார்புரேட்டர் அளவுக்குக் கன அங்குலத்தை ஆர்பிஎம்மால் பெருக்கி 3,456 ஆல் வகுப்பார்கள். 383க்கு 6,000 இல் நிமிடத்துக்கு 665 கன அடி காற்று. நடைமுறையில் அதில் தொண்ணூறு விழுக்காடு நிரம்பும். 650 அளவு சாலைக்குச் சரி, 750 போட்டாலும் ஓடும், 850 வீண். கீழே இரட்டைத் தட்டு மேனிஃபோல்ட். கேம் பெரிதானதால் ஐடிலிங் வேக்யூம் இறங்கியிருக்கும். டிரைவில் போட்டு மானியைப் பார்த்து, அதில் பாதி எண் உள்ள பவர் வால்வை (வேக்யூம் இறங்கியதும் கூடுதல் பெட்ரோல் விடுவது) போடுங்கள். இல்லையென்றால் ஐடிலிங்கிலேயே கூடுதல் பெட்ரோல் கொட்டி பிளக்குகள் கறுக்கும். எலெக்ட்ரிக் பம்ப் 6 பிஎஸ்ஐ அருகே.

முழு இழுவையில் காற்று-எரிபொருள் விகிதம் 12.5 முதல் 12.8. அளக்கும் கருவி ஐடிலிங்கில் பொய் சொல்லும் என்பதை மறக்க வேண்டாம்: ஓவர்லாப்பில் எரியாத ஆக்ஸிஜன் நேராக எக்ஸாஸ்டுக்குப் போவதால் கலவை மெலிந்திருப்பதாகக் காட்டும். அதை நம்பிப் பெட்ரோலை ஏற்றிக்கொண்டே போனால் கண் எரியும். ஐடிலிங்கை வேக்யூம் மானியும் காதும் பார்த்துக்கொள்ளட்டும்.

டைமிங் ஆரம்பத்தில் 16 பாகை, 3,000 ஆர்பிஎம்மில் மொத்தம் 34. வேகமாக எரியும் சேம்பரென்றால் 32 கூடப் போதும். வேக்யூம் அட்வான்ஸைக் கழற்றி எறியாதீர்கள். இந்தக் கேமுக்கு அதை மேனிஃபோல்ட் வேக்யூமில் இணைத்தால் ஐடிலிங் குளிர்ச்சியாக நிற்கும். டேம்பரில் உள்ள கோட்டை நம்புமுன் பிஸ்டன் ஸ்டாப் வைத்து உச்சியைச் சரிபாருங்கள், 1969 இல் அந்தக் கோட்டின் இடமே மாறியது. பழைய கவரும் புதிய டேம்பரும் சேர்ந்தால் பத்து பாகை வரை பிசகும். 5, 7 சிலிண்டர்கள் அருகருகே இருந்து அடுத்தடுத்தே வெடிக்கின்றன. அவற்றின் பிளக் ஒயர்களை ஒட்டி இணையாக விட்டால் 5 இன் மின்னழுத்தம் 7 இல் முன்கூட்டியே பொறி கிளப்பும். தாளத்தில் அந்த ஒற்றை ‘த’ விழும் இடம் அதுதான். சுமையில் இனம் தெரியாமல் தட்டினால் முதலில் அந்த இரண்டு ஒயரையும் பிரித்துப் பாருங்கள்.

முதல் முறை

டிஸ்ட்ரிபியூட்டர் போடுமுன் பழைய ஷாஃப்ட் ஒன்றை டிரில்லில் பூட்டி ஆயில் பம்பைச் சுழற்றுங்கள், மேலிருந்து பார்க்கக் கடிகார திசையில். உதவிக்கு ஒருவர் கிராங்க்கை மெல்லத் திருப்பட்டும். பதினாறு ராக்கரிலும் எண்ணெய் சொட்டும் வரை நிறுத்தக் கூடாது. கார்புரேட்டர் கிண்ணங்களைப் பெட்ரோலால் நிரப்பி வைத்தால் வெகுநேரம் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டியதில்லை. தட்டை லிஃப்டர் கேமாக இருந்தால் இருபது முப்பது நிமிடம் 2,000க்கு மேலேயே ஓட வேண்டும், ஐடிலிங்கில் விட்டால் லோப் தேய்ந்தே போகும். ரோலருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தண்ணீர் சூடு, எண்ணெய் அழுத்தம், கசிவு மூன்றையும் பார்த்து, ஹெடர் போல்டுகளை ஆறிய பிறகு மறுபடி இறுக்குங்கள். கேஸ்கெட் கசிவு டிக் டிக் என்று லிஃப்டர் சத்தம் போலவே கேட்டு ஏமாற்றும்.

ரிங் உட்கார வேண்டுமென்றால் எஞ்சினுக்குச் சுமை வேண்டும். வண்டியைச் சாலைக்கு எடுத்து, 2,000 இலிருந்து 4,500 வரை அரை ஆக்ஸிலேட்டரில் இழுத்து, காலை எடுத்துத் தானாகவே இறங்க விட்டு, இதை எட்டுப் பத்து முறை செய்யுங்கள். கராஜில் நிறுத்தி ரேஸ் பண்ணிக்கொண்டே இருந்தால் சிலிண்டர் சுவர் பளபளத்து, எண்ணெய் குடிக்கும் எஞ்சினாகிவிடும். அன்றே எண்ணெயை மாற்றி, 500 மைலில் மறுபடி. இரண்டு முறையும் ஃபில்டரை வெட்டித் திறந்து காகித மடிப்பை வெயிலில் விரித்துப் பாருங்கள். முதல் முறை மெல்லிய சாம்பல் பூச்சு இருக்கும், அது ரிங்கிலிருந்து வந்தது. இரண்டாவதில் செம்பு நிறத்தில் மினுக்கு தெரிந்தால் பேரிங். காந்தத்தில் ஒட்டும் துகள் இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் கியரை முதலில் வெளியே எடுங்கள்.